கை எட்டாத இடம்

நெசவு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். தறியில் முடியப்போகும் பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பது என் வேலை. சோரியாசிஸ் வந்து உடம்பு செதில் செதிலாக உரியத் தொடங்கியதும் அந்த வேலை கையை விட்டுப் போனது. சொரசொரத்த விரலில் பட்டு இழை மாட்டி அறுந்துவிடும். எங்கள் தறிக்கு வேறொரு பெண் வந்து பிணைத்துவிட்டுப் போவாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பேன்.

களிம்புகள் எதுவும் கேட்கவில்லை. தோல் டாக்டரம்மா லைட் சிகிச்சை எழுதிக் கொடுத்தார். பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் குழல் விளக்குகள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உடம்பில் அதிகம் துணியில்லாமல் நிற்க வேண்டும். விளக்கைவிட எனக்கு நர்சம்மாவின் கண்தான் பயம். புடவையை அவிழ்க்கும்போது செதில் தரையில் உதிரும். அவர் ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தால் ஒதுக்குவார். அப்படி ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில வாரங்களில் விரல்கள் மிருதுவாகத் தொடங்கின. மறுபடி பட்டைத் தொடலாம் என்று ஆசை வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, இன்றைக்காவது தரையில் செதில் விழக்கூடாது என்று நோய் வந்ததிலிருந்து தொடாத குளியல் பொடியைக் குழைத்து, கை கால் வயிறெல்லாம் அழுத்தித் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன்.

"மருந்து, களிம்பு எதுனா பூசிக்கினு வந்தீங்களாமா?" என்று நர்சம்மா வழக்கம்போல் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். குளித்ததை யாராவது மருந்தென்று சொல்வார்களா?

மறுநாள் உடம்பு காந்தியது. அதற்கடுத்த நாள் விடிந்தபோது இரண்டு கைகளிலும் கொப்புளம், தொடையெல்லாம் வெந்த சிவப்பு. கொதிக்கிற கஞ்சியை யாரோ மேலே ஊற்றியது போலிருந்தது. என் நாத்தனார்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனாள்.

என்னைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நர்சம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. "லைட்டு நேரத்த நான் கூட்டலீங்க மேடம், சத்தியமா" என்றார். அவர் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா என்னைத் திருப்பி நிற்க வைத்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "முதுகு நடுவுல ஒண்ணுமே இல்லையே! மெஷின் கோளாறுன்னா இங்கயும்தானே வெந்திருக்கணும்?" என்றார்.

"அண்ணிக்கு அங்க கை எட்டாதுங்க" என்றாள் நாத்தனார். "அன்னிக்கு கல்யாணப் பொண்ணு கணக்கா தேச்சித் தேச்சிக் குளிச்சாங்க. ஜல்தியா வாங்கன்னு கதவத் தட்டிகினே இருந்தேன்."

"எத தேச்சாங்க?"

"பொடிதாங்க. பச்சப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கார்போக அரிசி..."

"கார்போக அரிசியா?" டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிச்சத்தைத் தோல் அதிகமாக வாங்கிக்கொள்ளச் செய்யும் சத்து அந்த விதையில் இருக்கிறதாம். வெண்புள்ளிக்கு அதே சத்தை மருந்தாக, அளந்து கொடுப்பார்களாம். நானோ அளவில்லாமல் பூசிக்கொண்டு போய் விளக்குக்கு நடுவில் நின்றிருக்கிறேன்.

பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் நாங்கள் தேய்க்கும் பொடி அது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, நானே வெயிலில் காயவைத்து, மாவு மிஷினில் அரைத்து வந்தது.

"இனிமே லைட்டு வெக்கவே முடியாதுங்களா?" என்று கேட்டேன். அந்த அறையில் நானாகப் பேசிய முதல் பேச்சு அது.

"முடியும். கொப்புளம் ஆறட்டும். ஆனா திரும்ப முதல்லேர்ந்துதான்."

ஆறிய பிறகு போனேன். வெறும் தண்ணீரில் மட்டும் குளித்திருந்தேன். புடவையை அவிழ்த்ததும் செதில் பொலபொலவென்று கொட்டியது. நர்சம்மா துடைப்பத்தை எடுத்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பாடா, இன்னிக்கு தேய்க்கலன்னு தரையே சொல்லுது" என்றார்.

சிரிப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் ஏறினேன்.