மிஞ்சிய ஒரு முட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு நாள். திருவாரூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கிராமத்து அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இருபத்து மூன்று பிள்ளைகள். தலைமையாசிரியையும் நானும் என்று இரண்டே பேர். அன்று அவர் கூட்டத்துக்குப் போய்விட்டதால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான்.

பாடம் நடத்துவது எனக்கு ஒருநாளும் சுமையாக இருந்ததில்லை. போன்தான் என் பிராணனை வாங்கியது. காலையில் வருகைப் பதிவை ஆப்பில் ஏற்ற வேண்டும். பிறகு சாப்பாட்டுக் கணக்கு, ஏதோ ஒரு பயிற்சியின் லிங்க், ஏதோ ஒரு உறுதிமொழி எடுத்த போட்டோ. ஐந்து நிமிடம் தாமதித்தால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் அதிகாரிகள் பள்ளியின் பெயரைப் போட்டு மானத்தை வாங்குவார்கள். இத்தனைக்கும் எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த ஆப்பில் எல்லாப் பிள்ளைகளும் வந்ததாகவே முதலில் காட்டும். வராத பிள்ளையின் பெயரைத் தொட்டு மாற்றினால், அவர்கள் வீட்டுக்கு மெசேஜ் போய்விடும். அன்று தொட்டியடியில் ஒரே ஒரு கோடு சிக்னல் தெரிந்தது. விட்டால் போச்சு என்று, பிள்ளைகள் வந்து உட்காருவதற்கு முன்பே அப்படியே அனுப்பிவிட்டேன். யாராவது வராவிட்டால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அந்த அப்புறம் வரவே இல்லை.

மதியம் சத்துணவு சமைக்கும் அக்கா வந்து நின்றார்.

"டீச்சர், நீங்க சொன்ன கணக்குக்கு இருபத்திமூணு அவிச்சேன். ஒரு முட்டை மிஞ்சுதே?"

"நல்லா எண்ணிப் பாருங்கக்கா" என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு, நானே தலைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இல்லை.

அவள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வருகிற ஒரே பிள்ளை அவள்தான். இரண்டு பனைமரத் துண்டுகளைப் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அன்று காலைதான் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பாடா, குறுவை பிழைத்தது என்று நானும்தான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நடவுக்குப் போனால் போன் வரப்பில்தான் கிடக்கும்.

"நீங்க ஓடுங்க டீச்சர், பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். வாய்க்கால் இரு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பனைமரத்துக்கு மேலே கணுக்கால் அளவு தண்ணீர். அக்கரையில், புங்க மரத்தடியில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது. ஒரு கம்பை ஊன்றி அக்கரைக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"ஏன்டி இங்கேயே உட்கார்ந்திருக்க?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, தண்ணி வந்துட்டா பெரியவங்க கையப் புடிக்காம பாலத்துல கால வைக்கக் கூடாதுன்னு. வீட்டையும் பூட்டிட்டேன், சாவி அம்மாகிட்ட இருக்கு. யாராச்சும் வருவாங்கன்னு இருந்தேன்."

சொன்னது நான்தான். முந்தின வாரம், பாதுகாப்பு விழிப்புணர்வு நடத்தியதாகப் போட்டோ கேட்டிருந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, வாய்க்கு வந்ததை இரண்டு நிமிடம் சொல்லி, படம் எடுத்து அனுப்பினேன். நான் ஒப்புக்குத்தான் சொன்னேன். அவள் ஒப்புக்குக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, பள்ளிப் பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த அவள் அம்மாவிடம் போனேன். விடியற்காலையில் அவர் தாண்டி வந்தபோது தண்ணீர் பாலத்துக்குக் கீழேதான் இருந்ததாம்.

"என்ன டீச்சர், பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா? மெசேஜ் ஒண்ணும் வரலியேன்னு நிம்மதியா இருந்தேனே!"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த 'நிம்மதியா' என்ற சொல்லைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

கையிலிருந்த நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் கையோடு பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டார். பிறகு என்னை நன்றாகத் திட்டினார். "உங்கள நம்பித்தான டீச்சர் வயல்ல எறங்குறோம்!" பேசப் பேச அவருக்கே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண்தான் நிமிர்ந்து முடிவைச் சொன்னார்.

"சரி விடு. தண்ணி இருக்கற வரைக்கும் யாராச்சும் ஒருத்தி நின்னு அவள அக்கரையிலேர்ந்து கூட்டிட்டு வந்து டீச்சர் கையில ஒப்படைச்சுட்டு வரட்டும். டீச்சர், நீங்களும் முதல்ல பிள்ளைங்க மூஞ்சியப் பாருங்க, அப்புறம் போனைப் பாருங்க."

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பெண்கள்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் விடாப்பிடியாக நின்று, பாலத்துக்குக் கைப்பிடிக் கம்பி போட வைத்தார்கள்.

நானும் மறுநாளிலிருந்து பேர் கூப்பிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்த பிறகுதான் தொட்டியடிக்குப் போனேன். அதனால் தாமதமாகி, விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. அதற்கும் உள்ளதையே எழுதிக் கொடுத்தேன்.

வாய்க்காலிலிருந்து திரும்பிய அன்று மதியம், மிஞ்சிய அந்த முட்டையை அவள் எனக்கும் பாதி கொடுத்துத்தான் சாப்பிட்டாள். வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றும் நாட்களில், நான் ஏனோதானோவென்று சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் காத்திருந்த அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு மறுபடி வகுப்புக்குள் நுழைகிறேன்.