கோட்டைக் கிணற்றுக்கு நான் சொன்ன ஆழம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோயமுத்தூர் பீளமேட்டில் லேத் ஓட்டப் பழகி, இன்றைக்கு நாற்பது பேர் வேலை செய்யும் பம்ப் பட்டறை நடத்துகிறேன். ஜெர்மனிக்காரர் ஒருவர் தேடி வந்து சாம்பிள் வாங்கினார் என்றால் சும்மாவா?

ஆனால் அங்கே டெஸ்ட் செய்துவிட்டு, நான் எழுதிக் கொடுத்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ரிப்போர்ட் அனுப்பினார்கள். உங்கள் மீட்டர்தான் தப்பு என்று பதில் போட்டேன். ஆர்டர் ஆட்டம் கண்டது. நேரில் பேச, இங்கிலீஷ் தெரிந்த மகள் கவிதாவோடு ஜெர்மனிக்குப் போனேன்.

பேச்சுக்கு முன்னால் அந்தக் கம்பெனி முதலாளி எங்களைக் குன்றின் மேல் இருந்த பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனார். ராஜா படுத்த கட்டில், வெள்ளித் தட்டு என்று எல்லாம் காட்டினார்கள். இத்தனை உயரத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்றுதான் என் புத்தி ஓடியது. கேட்டதும் வழிகாட்டிப் பெண் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போனார். பாறையில் வெட்டிய கிணறு. ஒரு ஜக் தண்ணீரை ஊற்றினார். ஐந்து எண்ணி முடித்த பிறகுதான் சத்தம் கேட்டது.

"முந்நூறு அடின்னு சொல்லு அம்மணி. கல்லைப் போட்டே எத்தனை கெணறு பாத்திருக்கேன்."

"பொறுங்கப்பா, அவங்களே சொல்லட்டுங்க."

"நீ சொல்லு."

சொன்னாள். நூற்று அறுபது அடிதான் என்றார் வழிகாட்டி. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பம்புக்கும் இப்படித்தான் வாய்க்கு வந்ததை எழுதியிருப்பீங்கன்னு நெனைக்கப் போறாருங்க" என்றாள் கவிதா.

எனக்கு ஆறவில்லை. மறுபடி ஊற்றச் சொன்னேன். கயிற்றில் விளக்கை இறக்கிவிட்டு ஊற்றினார். குனிந்து பார்த்தேன். பாதி வழியிலேயே தண்ணீர் சிதறி, மழைத்துளி போல மெதுவாக இறங்கியது. கல் அப்படி இறங்காது. கல்லின் கணக்கைத் தண்ணீருக்குப் போட்டிருக்கிறேன்.

"தப்பு என்னுதுன்னு சொல்லிப்போடு கண்ணு. பம்பையும் என் முன்னால ஓட்டிக் காட்டச் சொல்லு."

"நெசமாத்தானுங்களா?"

"நெசமாத்தான்."

மறுநாள் ஓட்டினார்கள். ரிப்போர்ட் சரி. பட்டறையில் நான் அளந்தது கையால் தேய்த்து வழுவழுப்பாக்கிய இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம், போட்ட பம்ப்பை. அனுப்பியதோ வார்ப்பின் சொரசொரப்பு போகாத சக்கரம் போட்ட பம்ப்பை; அந்தச் சொரசொரப்பில்தான் ஏற்றம் குறைந்திருக்கிறது. உயரத்தைக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆர்டர் கிடைத்தது.

எதை அனுப்புகிறோமோ அதையே அளக்க வேண்டும். இதை ராஜா வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்ட பம்ப்காரன் கோயமுத்தூரில் நான் ஒருத்தன்தான்.