காலால் அடிக்கும் டிரம்

பொன்னுத்தங்கத்துக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தது ஒரு கார்ட்டூன்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவி ஆமத்தூருக்கு வந்த புதிது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ராக் பேண்ட் ஆரம்பிக்கிற ஒரு ஜப்பான் தொடரைத் தமிழில் பேசவைத்துச் சாயங்காலங்களில் போட்டார்கள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த கையோடு அவள் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏட்டி, கையில மருந்து இருக்கு, கழுவிட்டு உக்காரு. டிவி எங்கயும் ஓடிறாது" என்று அம்மா மாடத்தி கத்துவாள்.

அந்தத் தொடரில் எல்லோரும் பாடுகிற பெண்ணைப் பார்த்தார்கள். பொன்னுத்தங்கம் பின்னால் இருந்த டிரம்ஸ்காரியை மட்டும் பார்த்தாள். வலது கை எங்கே விழுகிறது, இடது கை எப்போது வருகிறது, கால் எதை மிதிக்கிறது என்று பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டாள். சில சமயம் வரைந்த கை சத்தத்துக்குப் பிந்தி விழும். "இந்தா, தப்பா அடிக்கா பாரு" என்பாள். வீட்டில் யாருக்கும் புரியாது.

பத்தாம் வகுப்போடு நின்று, அம்மா வேலை பார்க்கும் யூனிட்டிலேயே திரி செருகப் போனவள் அவள். கம்பெனிக்குள் எதையும் தட்டக் கூடாது, உரசக் கூடாது. கொலுசும் ஹேர்பின்னும்கூட வாசலிலேயே கழற்றிவைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்குப் போன பிறகுதான் அவள் கை அவள் வசத்துக்கு வரும். தொடை இரண்டையும் தட்டத் தொடங்குவாள். பக்கத்துப் பாயில் வேலை செய்யும் ஞானசுந்தரி அக்கா சோற்றுக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

"தட்டுட்டி, நிறுத்தாத. உள்ள கெடக்கவனும் ஆடுதான்."

"அவன்னு எப்படிக்கா தெரியும்?"

"பொம்பளப் புள்ளன்னா இந்தச் சத்தத்துக்கு வெக்கப்படுமே" என்று சிரிப்பாள் ஞானசுந்தரி.

பொன்னுத்தங்கத்தோடு படித்த ஜெபிஷா, நர்ஸ் மகள், வேதக்கோவிலில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பவள். அவளும் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தை மகன் பிராங்க்ளின் விருதுநகரில் கிதார் பழகியிருந்தான். மூவரும் சேர்ந்தார்கள். கோவிலில் தூசி படிந்து கிடந்த டிரம்ஸுக்குக் கடைசியில் ஒரு ஆள் கிடைத்தது.

"பேண்ட்டுன்னா, கல்யாண வீட்டுல செவப்புச் சட்ட போட்டு ஊதுவானுகளே, அதா?" என்றாள் மாடத்தி.

"அது இல்லம்மா. இது வேற."

"எதுன்னாலும் இருக்கட்டும். சீசன்ல லீவு மட்டும் போட்டுறாத."

விருதுநகரில் சபை வாலிபர் கூட்டத்தில் இசைப்போட்டி வைத்திருந்தார்கள். மேடை, மைக், நிஜமான கூட்டம். பொன்னுத்தங்கம் வேறு எதையும் அதுவரை இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. திரி செருகும் விரல்கள் இன்னொன்றும் செய்யும் என்று ஒரு தடவையாவது நாலு பேர் பார்க்க வேண்டும்.

கோவிலில் சத்தம் என்று பெரியவர்கள் முறையிட்டதால், லேபிள் அச்சகத்தின் காலிக் குடோன் ஒன்றைப் பிராங்க்ளின் கேட்டு வாங்கினான். தகரக் கூரை. சுற்றிலும் கருவேலங்காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தங்கம் வேலை பார்க்கும் பட்டாசு யூனிட். காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு மிதி உடைந்திருந்ததால், அதை விட்டுவிட்டே பழகினார்கள். போட்டிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை புது மிதி வந்துசேர்ந்தது.

தீபாவளி நெருக்கம், ஞாயிறும் வேலை. பொன்னுத்தங்கம் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்தாள். மாடத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி வைத்து மூடிவிட்டுப் போனாள்.

குடோனில் மிதியைப் பூட்டினார்கள். பொன்னுத்தங்கம் காலை வைத்து அழுத்தினாள்.

தொம்.

கூரைத் தகரம் முழுதும் அதிர்ந்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டியது போலிருந்தது. அவள் சிரித்துவிட்டாள். மறுபடி மிதித்தாள். மறுபடியும்.

அந்தப் பக்கத்துச் சனத்துக்குச் சோதனை வெடியின் சத்தம் தெரியும். அது வெட்டவெளியில் படீரென்று கேட்டு முடியும். இது அப்படியில்லை. மூடின அறைக்குள் வெடித்து, தகரம் அதிரும் சத்தம். அதைக் கேட்டால் எந்தப் பக்கம், எந்த அறை என்று யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்றுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். பொன்னுத்தங்கத்துக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாட்டுச் சத்தம் அப்படிக் கேட்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

யூனிட்டை விட்டுக் காட்டுக்குள் ஓடிவரும் பொம்பளைகளின் அலறல் கேட்டபோதுதான் தோன்றியது. கால் மிதியிலேயே உறைந்துவிட்டது.

வாசலில் முதலில் வந்து நின்றவள் மாடத்தி. வெறுங்கால், கெண்டைக்கால் முழுதும் முள் கிழித்த ரத்தம். மகளைப் பார்த்தாள். மெல்ல உள்ளே வந்து டிரம்மின் தோலில் கையை வைத்தாள்.

"இதா?"

"அம்மா..."

"இதாட்டி?"

பொன்னுத்தங்கம் தலையாட்டினாள். மாடத்தி வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். பின்னால் ஓடிவந்தவர்களிடம் அவள் சொன்னது உள்ளே கேட்டது.

"ஒண்ணுமில்ல. கல்குவாரியில வெடி வச்சிருக்கானுக. திரும்புங்க, திரும்புங்க."

அப்போது யாரோ கத்தினார்கள்: "வேலிப் பள்ளத்துல ஞானசுந்தரி விழுந்து கெடக்கா! ஆட்டோவக் கூப்பிடுங்க!"

குழந்தை தங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாடத்தி மகளை அடிக்கவில்லை. மூடிவைத்த கஞ்சி அப்படியே இருப்பதைப் பார்த்தாள். "நீ காய்ச்சலாக் கெடந்த. வேற எதுவும் எனக்குத் தெரியாது, ஒனக்கும் தெரியாது" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பொன்னுத்தங்கம் போட்டிக்குப் போக மாட்டேன் என்றாள். ஜெபிஷா அழுது கூட்டிப்போனாள். மேடை, மைக், கூட்டம், எல்லாம் நினைத்தபடியே இருந்தன. கைகள் தவறவில்லை. கால் மட்டும் மிதியின் மேல் இருந்தபடியே இருந்தது. முதல் சரணத்தில் ஜெபிஷா திரும்பிப் பார்த்தாள். பிராங்க்ளினும் பார்த்தான். அழுத்து, அழுத்து என்று அவளே காலைக் கெஞ்சினாள். அது அவள் கால் மாதிரியே இல்லை. பாட்டு அடியில்லாமல், அந்தரத்தில் நடந்து முடிந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

டிரம்ஸ் கோவிலுக்குத் திரும்பிப் போயிற்று. டிவியில் அந்தத் தொடர் வரும்போது பொன்னுத்தங்கம் தண்ணீர் எடுக்கப் போனாள்.

தீபாவளி முடிந்து கம்பெனி மறுபடி திறந்தபோது ஞானசுந்தரியும் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வேப்பமரத்தடியில் பொன்னுத்தங்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னட்டி, கைய மடக்கி வச்சிருக்க?" என்றாள். "முன்ன மாதிரி தட்டேன். வீட்டுல ஒரு சத்தமும் இல்லாமக் கெடக்குட்டி. கேட்டு எம்புட்டு நாளாச்சு."

எதிரே உட்கார்ந்திருந்த மாடத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

பொன்னுத்தங்கம் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடையில் வைத்தாள். வலது கை முதலில் விழ வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

"தட்டுட்டி" என்றாள் ஞானசுந்தரி.