கேட்டு நின்றவர்

பள்ளிகொண்ட பெருமான் திருவடியே காப்பு. ஆவணித் திருவோண நன்னாளில் இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் கணினி பழுதுபார்த்த அம்மனிதரின் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லியான உடல், நரைத்த மீசை. எந்தக் கணினியையும் திறக்குமுன், காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் புறங்கை வைப்பார்.

மறைந்த என் மனைவி பாடிய பாசுரங்கள் பூசையறையில் ஒலிக்கட்டும் என்று என் கணினியை நான் அணைப்பதே இல்லை. சில மாதங்களாக அது கொதித்தது. அவள் குரல் திக்கியது. அவர் கடைக்குக் கொண்டுபோனேன்.

"சாமி, ஓசில பாட்டுன்னு இன்னாத்தையோ ஏத்திக்கினீங்களா? அதுல பூந்து எவனோ உங்க மெஷின்ல திருட்டுத்தனமா கிரிப்டோ காசு உண்டாக்கிக்கினு கீறான். அதான் இப்டி கொதிக்குது. நீங்க அணைக்காதது அவனுக்கு ஜாலி!"

"என் வீட்டம்மா பாடின பாட்டெல்லாம் அழிஞ்சிடுமா?"

"பேஜாராவாதீங்க. மொதல்ல அம்மா குரல எடுத்து வெச்சிடறேன்."

எடுத்ததை ஒலிக்கவிட்டார். பாசுரம் முடியும்வரை அசையாமல் நின்றார். பிறகு தயங்கி, "நானும் ஒண்ணு வெச்சிக்கட்டா?" என்றார்.

அவள் குரலைப் பகிர மனமின்றி, "வேண்டாமே" என்றேன். அவர் தலையசைத்து, தம்மிடமிருந்த பிரதியை என் கண்முன்னே அழித்தார்.

எவனோ கேளாமலே என் கணினியின் சக்தியை மாதக்கணக்கில் எடுத்திருக்க, கேட்டு நின்றவருக்கு நான் கொடுக்கவில்லையே! பாடல்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அடுத்த மாதம் போனேன். கடை காலி. காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். அவரை இன்னும் தேடுகிறேன்.

இதைப் படிப்போர் யாவரும், கேட்பவர் எதிரே நிற்கும்போதே கொடுக்கும் மனம் பெற்று நீடு வாழ்க.