ரேஷன் கார்டில் நாலாவது பேர்

என் அப்பா பஞ்சாபகேசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதையே ஒரு பெருமையாக வைத்துக்கொண்டு எங்களைப் படுத்தி எடுத்தார். பம்பாயில் மாதுங்காவிலிருந்து கோட்டைக்கு ரயிலேறிப் போய் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. சீசன் டிக்கெட் முடிந்தது தெரியாமல் ஒரு நாள் போய்விட்டு, மறுநாள் தனியாக ஒரு டிக்கெட் வாங்கிக் கிழித்துப் போட்டவர்.

நாற்பத்து நாலில் அக்கா விஜயலக்ஷ்மி, கூட வேலை பார்த்த மராத்திக்காரரை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு தாதருக்குப் போனாள். அப்பா குழாயடியில் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"எனக்கு ஒரே பொண்ணுதான். போனவ பேரை இங்கே யாரும் எடுக்கப்படாது."

அந்த ஒரே பெண் நான், நாகலக்ஷ்மி. தாதர் அடுத்த ஸ்டேஷன்தான். ஒன்றரை வருஷம் நாங்கள் யாரும் அங்கே இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம், போலி கார்டுகளைப் பிடிக்க ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்தார். கார்டில் நாலு பேர், வீட்டில் மூன்று பேர்தானே என்று இங்கிலீஷில் கேட்டார். எட்டிப் பார்த்தேன். அக்கா பேர் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

மூத்த பெண் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு வருவேன், அவளும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் மாடியிலிருந்து இறங்கிப் போனார். அவள் இல்லாவிட்டால் கேஸ். அப்பாவின் வேலையும் போகும்.

அம்மா வாலாம்பாள் அரிசி டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கமெல்லாம் அரிசி போதவில்லை என்று புலம்பும்போது, எல்லாம் என் கைச் செட்டு, சிக்கனம் என்று பீற்றிக்கொண்டவள்.

"ஏன்னா, இத்தனை நாளா நாம சாப்பிட்டது அவ அரிசியா?"

"பேரை அடிக்கணும்னா காரணம் எழுதணும். கல்யாணம்னு எழுதினா நான் ஒத்துண்டதா ஆயிடும். செத்துட்டான்னு எழுதக் கை வரலை."

நான் தாதருக்கு ஓடினேன். "அப்பாவா பொய் சொன்னார்?" என்று அக்கா மூன்று தரம் கேட்டாள்.

மறுநாள் காலை அவள் வந்தாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேர்களைக் கேட்டபோது, "விஜயலக்ஷ்மி" என்று அப்பா தன் வாயாலேயே சொன்னார். இன்ஸ்பெக்டர் திருப்தியாகப் போனார்.

அம்மா அக்காவின் கையைப் பிடித்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது.

"என்னடி இது, இப்படி இளைச்சுட்டே?"

"இந்தக் கார்டிலே பேரை அடிச்சாத்தான் அங்கே அவர் கார்டிலே சேர்ப்பாளாம். வந்து கேக்கப் பயமா இருந்தது. ஒருத்தர் அரிசியை ரெண்டு பேர் சாப்பிடறோம்மா."

அப்பா சாகடிக்கக் கூடாது என்று விட்டுவைத்த பேர், பெண்ணைப் பட்டினி போட்டிருக்கிறது. எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா பேனாவை எடுத்து, கார்டிலிருந்து பேரை அடிக்கச் சொல்லி மனு எழுத ஆரம்பித்தார். காரணம் என்ற இடத்தில் கல்யாணம் என்று எழுதினார். பிறகு முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை பேர் என்ன?"

அக்கா சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.