ஒப்புக்கொடுத்த வலி

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வினோதம் உண்டு. வலிக்கிறதா என்று நோயாளியை வாய்விட்டுக் கேட்கிறார்கள். "சாக்கிட்?" என்று மலாயில் ஒரே சொல். ஆமாம் என்றால் மாத்திரை வரும். இல்லை என்றால் மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தாதிமாரை இங்கே மிஸ்ஸி என்றுதான் எல்லா ஜாதியாரும் கூப்பிடுகிறார்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வலியை யார் கேட்டார்கள்? முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தைலமும் ஒத்தடமுமாகத் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும்.

என் மூத்த மகள் ரோசம்மாள் இங்கே பினாங்கில் பிறந்தவள். பதினாலு வயது. வளர வளர அவள் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போயிற்று. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. டிராம் வண்டியில் டிக்கெட் கிழிக்கிற எனக்கு இந்த வியாதியின் பேர்கூட வாயில் நுழையாது. வெள்ளைக்கார டாக்டர் அவள் கால் எலும்பிலிருந்து ஒரு சிம்பைச் சீவி, முதுகெலும்போடு வைத்துப் பொருத்தினார். கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை மாவுக்கட்டு. ஆண்டவர் கிருபையால் உயிருக்கு மோசமில்லை. முதலில் ஊசி போட்டார்கள், தூங்கினாள். ஊசி நின்ற பிறகு, கேட்டால் மாத்திரை. அதோடு டாக்டர் ஒரு கட்டளையும் போட்டார். அடிக்கடி மூச்சை நன்றாக இழுத்து இருமவேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாகிவிடும். அறுத்துத் தைத்த முதுகை வைத்துக்கொண்டு இருமுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோசம்மாளிடம் மிஸ்ஸி எப்போது கேட்டாலும் "தாக் சாக்கிட்" என்பாள். வலிக்கவில்லையாம்! என் மனைவி சூசையம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் வேதக்காரர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வலி வந்தால் அதை வீணாக்காமல், யாருக்காவது வேண்டி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்போம். ஊரில் சவேரியம்மாள் சித்தி காலில் கட்டி வந்து படுத்தபோது அவள் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். மகன் பாஸாக, மருமகன் குடியை விட, சினைமாடு நல்லபடி கன்று போட என்று ஆளுக்கொரு வேண்டுதலை அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போனார்கள். கட்டி உடைந்தபோது, "இன்னும் என் விண்ணப்பம் பாக்கியிருக்கே, அதுக்குள்ள உடைஞ்சுபோச்சே!" என்று அடுத்த வீட்டுக்காரி குறைப்பட்டாள். கடல் தாண்டி வந்தும் நம் ஜனம் மாறவில்லை. பார்வை நேரம் வந்தால் கோயில் கூட்டம் பாதி எங்கள் கட்டிலருகே நிற்கும். அண்டை வீட்டு லூர்து அக்கா மாதுளம்பழத்தை வைத்துவிட்டு, "ரோசம்மா, மருமவளுக்கு மாசம் முடிஞ்சிருச்சு. உன் வலியில கொஞ்சம் அவளுக்கு ஒப்புக்கொடு லா" என்று, இந்த ஊர்ப் பேச்சின் லாவையும் ஒட்டிச் சொன்னார். ஊரில் சீக்காய் இருக்கிற என் அண்ணனுக்காக நானும் ஒன்று சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் நான் போனபோது, கட்டிலருகே சீன மிஸ்ஸி கோபமாக நின்றார். ரோசம்மாளின் முகம் சிவந்திருந்தது. மிஸ்ஸி போர்வையின் ஓரத்தை இழுத்து என் மூக்குக்கு நேரே காட்டி, மலாயில் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். என்னுடைய மலாய் டிராம் மலாய். இறங்கு, ஏறு, சில்லறை கொடு, அவ்வளவுதான்.

"என்னம்மா சொல்றாங்க?"

"போர்வை அழுக்காம்பா."

இவ்வளவு நீளமான பேச்சுக்கு இவ்வளவு சின்ன அர்த்தமா என்று மிஸ்ஸிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் தாமே நடித்துக் காட்டினார். போர்வையைப் பல்லால் கடித்தார். நெஞ்சைத் தட்டி, இருமிக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். நெற்றியைத் தொட்டுக் கையைச் சுட்டதுபோல் உதறினார். கடைசியில் பிணம்போல் கண்ணை மூடிக் கைகளை மார்பில் குறுக்காக வைத்தார். போர்வையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். போர்வை ஓரம் எலி கடித்ததுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. மகள் நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

"ஏம்மா மாத்திரை கேக்கல?"

"லூர்து அத்தை மருமவளுக்கு இன்னும் பொறக்கலியேப்பா. வலி போயிட்டா எதை ஒப்புக்கொடுக்குறது?"

"அடி என் தங்கமே!"

"சிலுவையில சேசுநாதரும் மருந்து கலந்த திராட்சை ரசத்தைக் குடிக்கலதானே?"

இதற்குப் பங்குச் சாமியாரைத்தான் கூட்டிவர வேண்டும் என்று தோன்றியது. மாதாவை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"அவருக்குக் குடுத்தது சேவகனுங்க. உனக்குக் குடுக்கிறது மிஸ்ஸி. அதோட, இருமுன்னு அவர்கிட்ட யாரும் சொல்லல. மாத்திரை போட்டப்புறமும் இருமினா வலிக்குமா, வலிக்காதா?"

"வலிக்கும்."

"அந்த மிச்சம் போதும் ஆண்டவருக்கு. அவர் என்ன கந்துவட்டிக்காரரா, முழுசையும் கேக்க?"

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பும் வலித்தது. "மிஸ்ஸி, சாக்கிட்" என்றாள் மெல்ல. சொன்னதும், அத்தனை நாள் அடக்கிய கண்ணீரெல்லாம் வந்தது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு இருமினாள். சளி வந்தது. அதைப் பார்த்து மிஸ்ஸி முத்துக் கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் லூர்து அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பச்சப்புள்ளைய இப்படிப் பண்ணிட்டோமே தம்பி! என் மருமவளுக்கு ரெண்டு இருமல் போதும் லா. மீதிய அவளே கத்திப் பெத்துக்கட்டும்." அப்படியே கத்தி, ஆண் குழந்தை பெற்றாள்.

ரோசம்மாளின் காய்ச்சல் இறங்கிவிட்டது. இருமல் மட்டும் இன்னும் தினப்படி உண்டு. இந்த வழக்கத்தை மகள் மிஸ்ஸிக்கும் விளக்கியிருக்கிறாள் போலிருக்கிறது. நேற்று மிஸ்ஸி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டே ஏதோ கேட்டார். ஆயர் ஈத்தாமில் இருக்கும் அவர் அம்மாவுக்குக் கண் மங்கிவருகிறதாம். அவர்கள் கும்பிடுவது வேறு சாமி, பரவாயில்லையா என்று கேட்டாராம். "பரவாயில்லன்னு சொல்லிட்டேன்பா" என்றாள் மகள், சாமியாரைக் கேட்காமலே.

நான் அவள் ஒரு கையையும் மிஸ்ஸி மறு கையையும் பிடித்துக்கொண்டோம். மகள் மூச்சை இழுத்தாள். "இது தஞ்சாவூர்ப் பெரியப்பாவுக்கு" என்று, தான் கண்ணால் பார்த்தேயிராத மனிதருக்காக ஒரு தரம் இருமினாள். என் விரல்கள் நசுங்கின. மறுபடி மூச்சை இழுத்து, "இது ஆயர் ஈத்தாம் பாட்டிக்கு" என்றாள். இந்தத் தரம் "அடோய்!" என்று கத்திக் கையை உதறியவர் மிஸ்ஸி.