வால்வு கருகிய கார்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நானும் என் அக்காவின் கணவரும் கூட்டாக ஒரு பழைய காரை வாங்கி, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்கு வாடகைக்கு ஓட்டினோம். வாங்கிய நாளிலிருந்தே அது என் உயிரை எடுத்தது. இன்ஜினில் புகை வெளியேறும் பக்கத்து வால்வு அடிக்கடி கருகிப் போகும். கழற்றிப் பார்த்தால் விளிம்பு கரையான் அரித்த பலகை போலிருக்கும். புது வால்வோ குதிரைக்கொம்பு. செல்லூர்ப் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி, பழைய லாரி வால்வை அளவுக்குக் கடைந்து வாங்கி வந்து மாட்டுவேன்.

அக்கா அப்போது நிறைமாசம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வீட்டுப் பிரசவத்தில் தவறியிருந்தன. இந்த முறை வலி கண்டதுமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதே வீட்டில் எப்போதும் பேச்சு. ஊரில் வேறு கார் கிடையாது. அந்த வண்டியைத்தான் நம்பியிருந்தோம்.

சூடேறினால் வால்வுத் தண்டு நீளும். அதற்காக அடியில் ஒரு போஸ்ட்கார்டு கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் வால்வு முழுசாக மூடாது. நெருப்பு அந்தச் சந்து வழியே பாய்ந்து அதைத் தின்றுவிடும். இடைவெளி விட்டால் டக் டக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்துத்தான் விட்டேன். அப்படியும் கருகியது. இது என்ன கண்றாவி என்று மண்டை காய்ந்தது.

ஒரு நாள் காலையில் அக்காவுக்கு வலி கண்டது. அவளையும் மச்சானையும் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். வண்டி அந்த டக் டக் சத்தமே இல்லாமல் போனது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பாதி வழியில், கண்மாய்க்கரை மேட்டில், இழுக்க மாட்டாமல் திணறி நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினேன். வால்வுக்கு அடியில் மயிரிழை இடைவெளிகூட இல்லை.

"யாரு மச்சான் இதுல கை வச்சது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் மாப்ள. நீ சரிபண்ணிட்டுப் போனதும் நான் இறுக்கிவிட்ருவேன். கிளம்புறப்பல்லாம் அந்தச் சத்தம் பல்லி சொல்ற மாதிரியே கேக்குது. வயித்துப் பிள்ளக்காரி ஏறுற வண்டி, அம்புட்டு அபசகுனம் வேணாம்னுதான்..."

வாய்க்கு வந்தபடி ஏசினேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவரத் திட்டாத தம்பி. சீக்கிரம் எடு" என்றாள்.

கொதிக்கிற இன்ஜினுக்குள் கையை விட்டு இடைவெளியைச் சரிசெய்தேன். விரலெல்லாம் கொப்பளித்துவிட்டது. நல்லவேளை, வால்வு இன்னும் கருகவில்லை. வண்டி கிளம்பியது.

அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

மச்சான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வழியில நின்னதாலயா மாப்ள?"

ஆமாம், உங்களாலதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இல்ல மச்சான். முன்னாடியே வந்திருந்தாலும் இப்படித்தானாம்" என்றேன்.